டிரெய்லருக்கு ரிவர்ஸ் லைட்: கரண்டை எங்கே எடுப்பது, விளக்கை எங்கே வைப்பது

கேள்வி இது: சேலத்தில் வசிக்கும் ஒருவர் பிக்கப் வண்டியில் சிறிய தங்கும் டிரெய்லர் ஒன்றைக் கட்டி இழுத்துக்கொண்டு ஏற்காட்டுக்குப் போகிறார். நாகலூர் பக்கம் உறவினரின் காப்பித் தோட்டத்தில் நிறுத்துவது வழக்கம். இருட்டிய பிறகு போய்ச் சேர்ந்தால், டிரெய்லரைப் பின்னால் தள்ளி நிறுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறதாம். டெயில் லைட், பிரேக் லைட், இண்டிகேட்டர் எல்லாம் இருக்கின்றன; ரிவர்ஸ் லைட் மட்டும் இல்லை. பிக்கப்பின் ரிவர்ஸ் லைட் ஒயரிலேயே இரண்டு பெரிய விளக்குகளை நேரே கொடுத்துவிடலாம் என்று கடைக்காரர் சொல்கிறார், செய்யலாமா என்று கேட்கிறார். டிரெய்லருக்குள் 12 வோல்ட் பேட்டரி ஒன்று இருப்பதைக் கடைசி வரியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறார். பதில் அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது.

நேரே கொடுக்காதீர்கள். ரிவர்ஸ் கியர் விழுந்துவிட்டது என்ற சைகையை மட்டும் பிக்கப்பிடம் வாங்குங்கள். விளக்கு எரிவதற்கான கரண்டை டிரெய்லரின் பேட்டரியிலிருந்து எடுங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு ரிலே வையுங்கள்; சின்ன கரண்டைக் கொண்டு பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச் அது. வேலை இவ்வளவுதான், இனி சொல்வதெல்லாம் இதற்கான காரணமும் பக்குவமும்.

ரிவர்ஸ் லைட் ஒயரைக் கம்பெனியில் போடும்போது 21 வாட் பல்ப் ஒன்றையோ இரண்டையோ மனத்தில் வைத்துத்தான் போடுகிறார்கள். நம் ஊரில் ஓடும் பல வண்டிகளில் ஒரு பக்கம்தான் ரிவர்ஸ் லைட்டே இருக்கும். ஒரு 21 வாட் பல்ப் 12 வோல்ட்டில் 1.75 ஆம்பியர் எடுக்கும். கடைக்காரர் காட்டிய 27 வாட் எல்.இ.டி. விளக்குகள் இரண்டும் சேர்ந்து 4.5 ஆம்பியர். அதே மெல்லிய ஒயர், அதே ஃபியூஸ். அந்த ஃபியூஸில் வேறு எதையெல்லாம் சேர்த்திருக்கிறார்கள் என்பது வண்டிக்கு வண்டி மாறும். மலையில் நடுராத்திரி ஃபியூஸ் போனால், ரிவர்ஸ் லைட்டோடு இன்னும் எது அணையும் என்று யாருக்குத் தெரியும்? புதிய வண்டி என்றால் இன்னொரு தொல்லையும் உண்டு. விளக்குகளுக்குப் போகும் கரண்டை அதிலுள்ள கணினி அளந்துகொண்டே இருக்கும். வழக்கத்துக்கு மீறி இழுத்தால் அந்த இணைப்பையே துண்டித்துவிட்டு டாஷ்போர்டில் எச்சரிக்கை காட்டும்.

எல்.இ.டி. வேண்டாம், இழை பல்பே போடலாம் என்றால் வோல்டேஜ் இறக்கத்தையும் பாருங்கள். பிக்கப்பின் பின் விளக்கிலிருந்து டிரெய்லரின் கடைக்கோடி வரை, வளைவு நெளிவெல்லாம் சேர்த்து, 10 மீட்டர் ஒயர் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். போக வர 20 மீட்டர். ஒரு சதுர மி.மீ. செம்பு ஒயரில் அது ஏறக்குறைய 0.36 ஓம். இரண்டு 21 வாட் பல்ப் போட்டு 3.5 ஆம்பியர் ஓடினால் ஒயரிலேயே ஒன்றேகால் வோல்ட் போய்விடும். இழை பல்புக்கு வோல்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ பத்தில் மூன்று பங்கு குறையும். பணம் செலவழித்து, சேஸிஸுக்கு அடியில் முதுகு வலிக்கப் படுத்து வேலை பார்த்து, கடைசியில் மங்கலாக ஒரு மஞ்சள் வெளிச்சத்தைத்தான் பார்ப்பீர்கள். ரிலேயை இழுக்கும் காயிலுக்கோ (கம்பிச் சுருள்) 0.15 ஆம்பியர் அளவே போதும். அதற்கு மெல்லிய ஒயர் தாராளம். வண்டியின் கணினியும் பெரும்பாலும் கண்டுகொள்ளாது.

விளக்கை எங்கே வைப்பது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் ஒயரிங்கைவிட அதில்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள், அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன்.

டிரெய்லர் கட்டிய வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போது பிக்கப்பின் சொந்த ரிவர்ஸ் லைட் எதில் படுகிறது என்று ஒருநாள் இறங்கிப் பாருங்கள். டிரெய்லரின் முன் சுவரில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். அந்த வெளிச்சம் பட்ட கண்ணுக்கு இருபுறக் கண்ணாடிகளிலும் இருட்டு இன்னும் கெட்டியாகத் தெரியும். எனவே பின்னால் விளக்கு வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பின்னால் தூரத்தில் இருப்பதைக் காட்டும் விளக்கு உங்களுக்குப் பயன்படாது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து டிரெய்லருக்கு நேர் பின்னால் உங்களுக்கு எப்படியும் எதுவும் தெரியப்போவதில்லை. நீங்கள் பார்ப்பது பக்கக் கண்ணாடி வழியாக, டிரெய்லரின் இரண்டு பின் மூலைகளை. காப்பித் தோட்டத்துப் பாதையில் ஆபத்தும் அங்கேதான்: ஒரு பக்கம் மழைநீர் வாய்க்கால், மறுபக்கம் கல் கட்டு, நடுவே மிளகுக்கொடி சுற்றிய சில்வர் ஓக் மரம். சக்கரம் வாய்க்காலின் விளிம்பிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போகிறதா, இல்லை விளிம்பைக் கடித்துக்கொண்டு போகிறதா என்பதை விளக்கு காட்ட வேண்டும்.

அதனால் இரண்டு விளக்குகளையும் பின்பக்கத்தின் இரண்டு கோடிகளில் வைத்து, ஒவ்வொன்றையும் 20, 30 டிகிரி வெளிப்பக்கமாகத் திருப்புங்கள். இடது பக்கத்து விளக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாகத் திரும்பலாம். நம் வண்டிகளில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருவதால், டிரெய்லரின் பின்புறம் இடப்பக்கமாகத் திரும்பும்போது வலக் கண்ணாடியில் டிரெய்லரின் பின் மூலை தெரியாது. இடப்பக்கம்தான் குருட்டுப் பக்கம். வசதி இருந்தால் மூன்றாவதாக ஒரு சிறிய விளக்கை இடப்பக்கச் சக்கரத்துக்குச் சற்று முன்னால், உடம்புக்கு அடியில், தரையைப் பார்த்து வையுங்கள். 10 வாட் போதும். பின்னால் இருக்கும் இரண்டைவிட இந்த ஒன்றுக்குத்தான் நீங்கள் பிறகு நன்றி சொல்வீர்கள்.

உயரமும் முக்கியம். கூரை ஓரத்தில் வைத்தால் நன்றாகப் பரவும் என்று தோன்றும். சேலத்தில் பரவும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கார்த்திகை, மார்கழியில் பனிமூட்டம் இறங்கும் நேரத்தில் உயரத்தில் வைத்த விளக்கு, கண்ணெதிரே வேட்டியை உலர்த்தியது போல ஒரு வெள்ளைத் திரையைத்தான் காட்டும். தரையிலிருந்து 60, 70 செ.மீ. உயரத்தில் வைத்துக் கீழ்நோக்கிச் சாய்த்தால், ஒளி மூட்டத்துக்கு அடியில் ஓடித் தரையைத் தொடும். ரிவர்ஸ் லைட்டின் உயரத்தை, வாகன விளக்குகளுக்கான ஐ.நா. விதி 48 தரையிலிருந்து 25 முதல் 120 செ.மீ. வரை என்று வரையறுக்கிறது. நீங்கள் அதற்குள்தான் இருப்பீர்கள். வெளிச்சத் திட்டு டிரெய்லருக்கு ஒரு மீட்டர் பின்னால் தொடங்கி எட்டு, பத்து மீட்டரில் முடியும்படி சாய்வைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் தூரம் போகும் வெளிச்சம் பின்னால் வருகிறவரின் கண்ணைத்தான் கூச வைக்கும்.

சட்டம் இதில் எளிமையாகவே இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 108ஆம் விதிப்படி வண்டியின் பின்பக்கம் சிவப்பைத் தவிர வேறு வெளிச்சம் காட்டக் கூடாது. விலக்குப் பெற்றவற்றில் ஒன்று, ரிவர்ஸ் எடுக்கும்போது எரியும் வெள்ளை விளக்கு. அதாவது விளக்கு வைப்பது தவறில்லை. ரிவர்ஸ் எடுக்காத நேரத்தில் அது எரிவதுதான் தவறு. சுவிட்ச் மட்டும் போட்டு ரிவர்ஸ் கியரோடு சேர்க்காமல் விடும் ஏற்பாட்டை நான் விரும்பாததற்கு இதுவே காரணம். ஒருநாள் அணைக்க மறந்து, பின்னால் வரும் பஸ் ஓட்டுநரின் முகத்தில் அடித்துக்கொண்டே கொண்டை ஊசி வளைவில் இறங்குவீர்கள்.

பஸ் என்றதும் நினைவுக்கு வருகிறது. சேலத்திலிருந்து ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மலைப்பாதையில் இடம் போதாத இடத்தில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. டிரெய்லரோடு நீங்கள் இறங்கி வரும்போது எதிரே ஏறும் வண்டி வந்தால், மேட்டைப் பார்த்து ரிவர்ஸ் எடுக்க வேண்டியவர் நீங்கள்தான். ஆக இந்த விளக்கு தோட்டத்துக்குள் நிறுத்துவதற்கு மட்டும் என்று நினைத்து அரைகுறையாகச் செய்துவிடாதீர்கள்.

இனி ஒயரிங். முதலில் பிக்கப்பின் பின்னால் இருக்கும் சாக்கெட்டின் மூடியைத் திறந்து பாருங்கள். இந்த விஷயத்தைக் காட்டும் வீடியோக்களில் பெரும்பாலானவை அமெரிக்காவில் எடுத்தவை. அவர்களுடைய தட்டைப் பின் கொண்ட ஏழு பின் சாக்கெட்டில் நடுப்பின் ரிவர்ஸுக்கானது. அதைப் பார்த்து இங்கே செய்தால் வம்பு. நம்மிடம் கார், பிக்கப் வகைகளில் பார்ப்பது பெரும்பாலும் உருண்டைப் பின் கொண்ட ஐ.எஸ்.ஓ. 1724 வகை. அதில் ரிவர்ஸுக்கென்று பின்னே கிடையாது. மூன்றாம் பின் எர்த்; ஒன்றும் நான்கும் இண்டிகேட்டர்; ஐந்தும் ஏழும் டெயில் லைட்; ஆறு பிரேக். இரண்டாம் பின் ஐரோப்பாவில் பின்பக்கப் பனி விளக்குக்கானது. இங்கே பல டிரெய்லர்களில் அது காலியாகவே கிடக்கும். காலியாக இருந்தால் அதை ரிவர்ஸ் சைகைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பிளக், சாக்கெட் இரண்டின் மூடியிலும் அழியாத மையில் அதை எழுதிவையுங்கள். நாளைக்கு வேறொருவர் வண்டியில் மாட்டும்போது குழப்பம் வரக் கூடாது. பதின்மூன்று பின் சாக்கெட் என்றால் தலைவலியே இல்லை: எட்டாம் பின் ரிவர்ஸுக்கென்றே இருக்கிறது.

நம் பகுதியில் மட்டும் வரும் ஓர் ஆபத்து உண்டு. சங்ககிரி, நாமக்கல் என்று சுற்றிலும் லாரித் தொழில். நல்ல எலெக்ட்ரீஷியன்களில் பலர் லாரியில் கை பழகியவர்கள். லாரி 24 வோல்ட். அதன் ஏழு பின் சாக்கெட்டில் எர்த் முதல் பின்னில் இருக்கும், உங்களுடையதில் மூன்றாவதில். பார்க்காமல் பழக்கத்தில் மாட்டினால் இடது இண்டிகேட்டரின் கரண்ட் நேரே எர்த்துக்குப் போகும். ரிலே வாங்கும்போதும் அப்படியே. 24 வோல்ட் ரிலேயைக் கொடுத்தால் 12 வோல்ட்டில் அது இழுக்காது. எல்லாம் சரியாகக் கொடுத்திருந்தும் விளக்கு எரியாது, அரை நாள் ஒயரைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ரிலேயின் உடம்பில் 12 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள். எல்.இ.டி. விளக்குகளில் இந்தக் கவலை குறைவு. பெரும்பாலானவை 10 முதல் 30 வோல்ட் வரை ஒரே வெளிச்சம் தரும்.

பிக்கப்பில் ரிவர்ஸ் ஒயரைக் கண்டுபிடிக்க, கை பிரேக் போட்டு, இன்ஜினை ஓடவிடாமல் சாவியை மட்டும் திருப்பி, ரிவர்ஸ் கியரில் வைத்து, பின் விளக்கின் ஹோல்டரில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 12 வோல்ட் காட்டினால் அதுதான். கியரை எடுத்தால் பூஜ்யமாக வேண்டும். 7, 8 வோல்ட் என்று அரைகுறையாகக் காட்டினால், உங்கள் வண்டி கரண்டைத் துடிப்பு துடிப்பாக அனுப்புகிற ரகம். ரிலே கடகடவென்று அடித்துக்கொள்ளும். அப்படியென்றால் டிரெய்லருக்கென்றே விற்கும் மாட்யூல் ஒன்றை வாங்கிப் போடுவதே வழி. கிள்ளிப்பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப் கொண்டு ஒயரைத் துளைத்து இணைக்காதீர்கள். அது இழைகளை வெட்டும். வெட்டிய இடத்தில் மலைக் காற்றின் ஈரம் ஏறி, ஒரு மழைக்காலத்துக்குள் செம்பு பச்சை பூத்துவிடும்.

டிரெய்லரில் ரிலேயின் 30 என்று எண் போட்ட முனைக்குப் பேட்டரியின் பாசிட்டிவ். நடுவே பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ். 18 வாட் விளக்குகள் இரண்டு என்றால் 3 ஆம்பியர்தான், 5 ஆம்பியர் ஃபியூஸ் போதும். சக்கர விளக்கையும் சேர்த்தால் 7.5 போடுங்கள். 87இலிருந்து விளக்குகளுக்கு ஒன்றரை சதுர மி.மீ. ஒயர். 86க்குப் பிக்கப்பிலிருந்து வரும் சைகை, 85 எர்த்துக்கு. ஐந்து கால் ரிலே கிடைத்தால் நடுவில் இருக்கும் 87ஏ முனையைத் தொடாதீர்கள். அதில் கொடுத்தால் ரிவர்ஸ் எடுக்காத நேரமெல்லாம் எரியும். 85, 86க்குக் குறுக்கே, கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் 1என்4007 டையோடு ஒன்று, வெள்ளிக் கோடு 86 பக்கம் இருக்கும்படி. ரிலே விடும்போது காயிலில் எழும் வோல்டேஜ் பிக்கப்பின் கணினிக்குப் போகாமல் அது தடுக்கும். சில ரூபாய் விஷயம்.

எர்த்தைப் பற்றி ஒரு வார்த்தை. கொக்கியின் குண்டு இரும்பு, டிரெய்லரும் இரும்பு, அது போதாதா என்று கேட்பார்கள். போதாது. குண்டில் கிரீஸ், துரு, பெயிண்ட் எல்லாம் இருக்கிறது. மூன்றாம் பின் வழியாக முறையான எர்த் ஒயர் வர வேண்டும்; டிரெய்லர் பேட்டரியின் நெகட்டிவும் சேஸிஸும் அதோடு சேர வேண்டும். சேராவிட்டால் பிக்கப்பிலிருந்து வரும் சைகைக்குத் திரும்பிப் போக வழி இருக்காது, ரிலே இழுக்காது. இப்போதே சோதித்துப் பார்க்கலாம்: இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து மினுக்குகிறதா? மினுக்கினால் எர்த் ஏற்கெனவே கெட்டுவிட்டது. அதைச் சரிசெய்யாமல் புதிய விளக்கில் கை வைக்காதீர்கள்.

தோட்டத்தில் போய் நின்ற பிறகு சாமான் இறக்க அதே விளக்கு எரிந்தால் நன்றாக இருக்கும் என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். கேட்பவர்கள் எல்லாரும் கேட்பதுதான். ஒரு சுவிட்ச் போடலாம், ஆனால் 30க்கும் 87க்கும் குறுக்கே போடுங்கள். 86இல் கொடுத்தால் டிரெய்லர் பேட்டரியின் கரண்ட் சைகை ஒயர் வழியாக எதிர்த்திசையில் ஓடி, பிக்கப்பின் ரிவர்ஸ் லைட்டையும் சேர்த்து எரிய வைக்கும், ஃபியூஸும் போகலாம். சுவிட்சை டிரெய்லரின் கதவுக்கு உட்புறம், புறப்படும்போது கடைசியாகக் கை படுகிற இடத்தில் வையுங்கள். எரிகிறது என்று காட்டும் சிவப்புப் புள்ளி உள்ள சுவிட்சாக இருக்கட்டும்.

சேலத்தின் வெயிலும் ஏற்காட்டின் ஈரமும் ஒரே நாளில் மாறி மாறி வருவதுதான் விளக்குக்குச் சோதனை. அடிவாரத்தில் சூடேறிய விளக்கு மேலே போய்க் குளிரும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, ஈரக் காற்றை உறிஞ்சும். தூசும் நீரும் புகாத தரத்தைக் குறிக்கும் ஐ.பி. 67 என்று போட்டிருக்கும் விளக்கை வாங்குங்கள். ஒயர் வெளியே வரும் வாயை நன்றாகப் பாருங்கள், நீர் நுழைவது பெரும்பாலும் அங்கேதான். ஒயர் விளக்குக்குள் நுழையுமுன் கீழே தொங்கி மேலேறும்படி ஒரு வளைவு விட்டால் மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும். இணைப்புகளில் ஈயம் வைத்துப் பற்றவைப்பதைவிட, ஒயர் முனையில் மாட்டும் உலோகத் திம்பிள் போட்டு நசுக்குவதே நல்லது. ஈயம் ஏறிய ஒயர் விறைத்துப்போய், தோட்டத்துக் குண்டு குழியின் அதிர்வில் அந்த விளிம்பில் முறியும். அதற்கு மேலே, சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் பசை உள்ள ஸ்லீவ் போடுங்கள். சுவரில் துளை போட்ட இடத்தை அடைக்க வினிகர் வாடை வீசும் சிலிக்கான் வேண்டாம்; அதிலிருந்து வரும் அமிலம் செம்பை அரிக்கும். பாலியூரித்தேன் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

கேமரா வைத்தால் விளக்கு வேண்டாமே என்றும் சிலர் சொல்வார்கள். இருட்டில் கேமராவுக்கும் வெளிச்சம் வேண்டும். அதிலுள்ள அகச்சிவப்பு விளக்குகள் சில மீட்டருக்கு மேல் எட்டாது, வாய்க்காலின் விளிம்பையும் நிழலையும் பிரித்துக் காட்டாது. முதலில் விளக்கு, பிறகு மனமிருந்தால் கேமராவின் ஒயரையும் அதே 87இல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் சமதளத்தில் எரிகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். கொக்கி முழுதாக மடங்கும்படி இரண்டு பக்கமும் ஒருமுறை திருப்பி, கேபிள் இழுபடுகிறதா, தரையில் உரசுகிறதா என்று பாருங்கள். வளைவில் பிளக் கழன்றால் ரிவர்ஸ் லைட்டோடு பிரேக் லைட்டும் போய்விடும்.

இரண்டு விவரங்கள் தெரிந்தால் இன்னும் துல்லியமாகச் சொல்ல முடியும். உங்கள் பிக்கப்பில் பின்பக்க சென்சார் இருக்கிறதா? இருந்தால் ரிவர்ஸ் போட்டவுடன் டிரெய்லரையே தடையென்று எண்ணி விடாமல் அலறும், அதை அணைக்கத் தனி வழி பார்க்க வேண்டும். டிரெய்லரில் இருப்பது வண்டி தள்ளும்போது தானே பிடிக்கும் ஓவர்ரன் பிரேக்கா? அதில் பழைய ரகம் சில, ரிவர்ஸ் எடுக்கும்போது, அதுவும் மேட்டில், சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். அதை விடுவிக்கும் சோலினாய்டுக்கும் இதே ரிவர்ஸ் சைகைதான் வேண்டும். அப்படியென்றால் ரிலேக்குப் பக்கத்தில் இன்னொரு ரிலேக்கும் இப்போதே இடம் விட்டுவையுங்கள்.